நீர் இருந்தும் வாடும் மரங்கள்

செடி வாடினால் நீர் ஊற்ற வேண்டும். நாம் எல்லாரும் சிறு வயதிலேயே கற்றுக்கொண்ட வைத்தியம் இது. தலை சாய்ந்த தொட்டிச் செடிக்கு ஒரு குவளை நீர் ஊற்றுகிறோம்; சிறிது நேரத்தில் அது நிமிர்ந்துவிடுகிறது. ஆனால் காலடியில் ஈரம் நிறைந்திருக்கும்போதே வாடிச் சாகும் மரங்களும் உண்டு. அவற்றுக்கு மேலும் நீர் ஊற்றினால் பயன் இல்லை. சில வேளைகளில் அந்த நீரே மரத்தின் சாவை விரைவுபடுத்தவும் கூடும்.

இத்தகைய வாடல் நோய்களால் பெரிதும் அவதிப்படும் பயிர்களுள் ஒன்று வெண்ணெய்ப்பழம். அவகாடோ என்றும் பட்டர் புரூட் என்றும் கடைகளில் விற்கப்படுவது இதுதான். இலங்கையில் இதனை ஆனைக்கொய்யா என்பர். இதன் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் ஆகும். நம் சமையலறையில் உள்ள இலவங்கப்பட்டை, பிரிஞ்சி இலை ஆகியவற்றைத் தரும் மரங்களும், கற்பூர மரமும், வெண்ணெய்ப்பழ மரமும் லாரேசி என்னும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்த உறவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வெண்ணெய்ப்பழ மரம் ஏன் வாடுகிறது, அதைக் காக்க என்ன செய்கிறார்கள் என்பதைக் காணுமுன், ஒரு மரம் எவ்வாறு நீர் பருகுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது தாவரவியல் மட்டுமன்று, இயற்பியலும் ஆகும்.

மரம் நீரை ஏற்றுவது எப்படி?

காற்று நிரம்பிய சைக்கிள் டியூப் விறைப்பாக நிற்கிறது. காற்று இறங்கினால் துவண்டுவிடுகிறது. இலையும் அப்படித்தான். ஆனால் இலையின் செல்களுக்குள் இருப்பது காற்றன்று, நீர். சவ்வூடு பரவலால் உள்ளே புகும் நீர் செல்லின் சுவரை உட்புறமிருந்து அழுத்துகிறது. இதற்கு விறைப்பு அழுத்தம் என்று பெயர். இலையை நிமிர்த்தி வைத்திருப்பது இந்த அழுத்தமே. இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. ஆவியாகும் அளவுக்குக் கீழிருந்து நீர் வந்து சேராவிட்டால் அழுத்தம் குறைகிறது, இலை தொங்குகிறது. வாடல் என்பது இதுதான்.

கீழிருந்து நீர் எப்படி வருகிறது? உறிஞ்சும் பம்பு ஒன்றினால் நீரை ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்துக்கு மேல் ஏற்ற முடியாது என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். பம்பு நீரை இழுப்பதில்லை. வளிமண்டல அழுத்தம்தான் நீரைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் தாங்கக்கூடிய நீர்த்தம்பத்தின் உயரம் அவ்வளவே. ஆயினும் 10 மீட்டருக்கு மேல் வளர்ந்த மரங்களை நாம் எங்கும் காண்கிறோம். ஆகவே மரம் வேறு ஏதோ முறையைக் கையாள வேண்டும்.

இதற்கு விடை கூறியவர்கள் டப்ளின் நகரைச் சேர்ந்த ஹென்றி டிக்சன், ஜான் ஜோலி என்னும் இருவர். டிக்சன் தாவரவியலார், ஜோலி இயற்பியலிலும் நிலவியலிலும் தேர்ந்தவர். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று வலுவாகப் பற்றிக்கொள்கின்றன. இலையில் ஒரு மூலக்கூறு ஆவியாகும்போது அது தனக்குப் பின்னால் உள்ளதை இழுக்கிறது. அது தனக்கு அடுத்ததை இழுக்கிறது. இவ்வாறு இலை முதல் வேர் நுனி வரை நீர் ஒரு கயிறுபோலத் தொடர்ந்து இழுபடுகிறது. 1894-ஆம் ஆண்டில் அவர்கள் இதனைக் கூறியபோது பலர் நம்பவில்லை. 1965-இல் ஸ்காலண்டரும் உடன் உழைத்தவர்களும் அழுத்தக்கலம் என்னும் கருவியைக் கொண்டு மரங்களில் இந்த இழுவிசையை அளந்து காட்டினர். அது வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேலும் இருக்கக்கூடும்.

இந்த நீர்க்கயிறு ஓடும் பாதை சைலம் என்னும் மரக்குழாய்கள். கண்ணுக்குப் புலப்படாத இந்த மெல்லிய குழாய்கள் அடிமரத்தில் ஆயிரக்கணக்கில் உள்ளன. இலைகளில் உருவாகும் சர்க்கரை வேருக்கு இறங்குவது புளோயம் என்னும் வேறொரு பாதையில். ஏறுவதற்கு ஒரு வழி, இறங்குவதற்கு ஒரு வழி. இந்த இரட்டைப் பாதையும் பின்னால் நமக்குப் பயன்படும்.

கயிறு எங்கே அறுந்தாலும் இலை வாடும். இலையை மட்டும் பார்த்து அறுந்த இடத்தைச் சொல்லிவிட முடியாது. வெண்ணெய்ப்பழத் தோப்புகளில் எழும் இடர்ப்பாடெல்லாம் இதில் அடங்கியிருக்கிறது.

வேரில் அறுபடும் கயிறு

1922-ஆம் ஆண்டில் ராண்ட்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர், சுமத்ராத் தீவில் இலவங்கப்பட்டை மரங்களைத் தாக்கிய ஒரு நுண்ணுயிரை விவரித்து, அதற்குப் பைட்டாப்தோரா சின்னமோமி என்று பெயரிட்டார். பைட்டாப்தோரா என்றால் கிரேக்க மொழியில் தாவர அழிப்பான் என்று பொருள். இலவங்கத்தின் உறவான வெண்ணெய்ப்பழத்திற்கும் இதுவே கொடிய பகை என்பது பின்னர்த் தெரிய வந்தது. உலகில் வெண்ணெய்ப்பழம் பயிராகும் நாடுகள் பலவற்றில் இன்று முதன்மையான நோய் இதனால் வரும் வேரழுகலே.

இது பார்வைக்குப் பூசணம்போல் தோன்றினாலும் உண்மைப் பூசணம் அன்று. நீர்ப்பாசிகளுக்கு நெருங்கிய உறவுடைய வேறொரு பிரிவைச் சேர்ந்தது. ஈரமான மண்ணில் இது நீந்தும் வித்துக்களை வெளிவிடுகிறது. ஒவ்வொரு வித்துக்கும் இரண்டு கசையிழைகள் உண்டு. மண் துகள்களுக்கு இடையே தேங்கிய நீரில் அவை நீந்திச் செல்கின்றன. வெண்ணெய்ப்பழ வேரிலிருந்து கசியும் பொருள்களை நாடி இந்த வித்துக்கள் வந்து சேர்வதைக் கலிபோர்னியாவில் ஜார்ஜ் ஜென்ட்மயர் 1961-இல் எடுத்துக்காட்டினார்.

வெண்ணெய்ப்பழ மரத்தின் சல்லி வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவி நிற்பவை. நோய் தாக்கினால் அவை கறுத்து, தொட்டால் ஒடிந்துவிடும். குழாய்கள் நலமாகவே உள்ளன. ஆனால் நீரைப் பிடிக்கும் முனை அழிந்துவிட்டது. இலைகள் சிறுத்து, வெளிறி, உதிர்கின்றன. மரத்தின் தலை மெலிந்து, கிளைகள் நுனியிலிருந்து கருகிவருகின்றன.

இப்போது தோப்புக்காரர் என்ன செய்வார்? மரம் வாடுகிறதே என்று நீர் பாய்ச்சுவார். வேரில்லாத மரமோ அந்த நீரை எடுத்துக்கொள்வதில்லை. எனவே மண் எப்போதும் ஈரமாகவே இருக்கும். அந்த ஈரம் நீந்தும் வித்துக்களுக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்ததுபோல் ஆகிவிடும். வைத்தியமே நோயை வளர்க்கும் விந்தை இது.

குழாயில் அறுபடும் கயிறு

இரண்டாவது நோயின் கதை ஒரு துறைமுகத்தில் தொடங்குகிறது. 2002-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், சவன்னா துறைமுகத்துக்கு அருகில் வைத்திருந்த பூச்சிப் பொறி ஒன்றில், அதற்குமுன் அந்நாட்டில் காணப்படாத ஒரு சிறு வண்டு சிக்கியது. சைலிபோரஸ் கிளாப்ரேட்டஸ் என்னும் அந்த வண்டின் நீளம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். இந்தியா, ஜப்பான், தைவான் உள்ளிட்ட ஆசிய நாடுகள் அதன் தாயகம். சரக்குப் பெட்டிகளின் மரக்கட்டைகளில் ஒளிந்து அது கடல் கடந்திருக்க வேண்டும் எனக் கருதப்படுகிறது.

இந்த வண்டு மரத்தைத் துளைக்கிறது. ஆனால் மரத்தைத் தின்பதில்லை. தன் தாடை அருகே உள்ள நுண்ணிய பைகளில் பூசண வித்துக்களைச் சுமந்து வந்து, தான் குடைந்த சுரங்கத்தில் விதைத்து, அங்கே வளரும் பூசணத்தை உண்டு வாழ்கிறது. ஒரு வகையில் இதுவும் ஓர் உழவன். ஒரே ஒரு பெண் வண்டு தனித்து வந்தாலும் ஒரு குடியிருப்பைத் தொடங்கிவிட முடியும். கருவுறாத முட்டைகளிலிருந்து ஆண்கள் பிறந்து இனம் பெருகும்.

வண்டு சுமந்து வந்த பூசணங்களுள் ஒன்றுக்கு 2008-இல் ரபேலியா லாரிகோலா என்று பெயரிட்டனர். இன்று அதனை ஹாரிங்டோனியா லாரிகோலா என்பர். அமெரிக்கக் காடுகளில் உள்ள ரெட்பே என்னும் மரமும் லாரேசி குடும்பத்ததே. இந்தப் பூசணத்தை அது அதற்குமுன் கண்டதில்லை. சவன்னாவைச் சுற்றிலும் ரெட்பே மரங்கள் சாகத் தொடங்கி, பல கோடி மரங்கள் அழிந்தன. இந்த லாரல் வாடல் நோய் தெற்கே புளோரிடாவில் இறங்கியது. அம்மாநிலத்தின் வெண்ணெய்ப்பழத் தோப்புகள் அநேகமாக முழுவதும் மயாமி-டேட் என்னும் ஒரே மாவட்டத்தில் செறிந்துள்ளன. 2012-இல் நோய் அத்தோப்புகளுக்குள் புகுந்தது. மேற்கே டெக்சாஸ் வரையிலும், வடக்கே கென்டகி, டென்னசி வரையிலும் அது இப்போது பரவியிருக்கிறது.

பூசணம் மரக்குழாய்க்குள் புகுந்ததும் மரம் சும்மா இருப்பதில்லை. பகைவன் மேலேறாமல் தடுக்கத் தன் குழாய்களைத் தானே அடைக்கிறது. குழாயை ஒட்டிய செல்கள் உள்நோக்கிப் பலூன்போல் உப்பி வழியை மறிக்கின்றன. இவற்றை டைலோஸ்கள் என்பர். கோந்து போன்ற பொருள்களும் சுரக்கின்றன. பூசணம் மிகக் குறைந்த அளவில் இருக்கும்போதே இந்த அடைப்பு பரவிவிடுகிறது. கோட்டைக்குள் ஒற்றன் ஒருவன் புகுந்தான் என்று அஞ்சி, கோட்டைக்கு நீர் வரும் வாய்க்காலையே அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? மரத்துக்கு நேர்வதும் அதுவே.

அடைப்பின் விளைவு ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது? இங்கே பாய்சொய் என்னும் பிரெஞ்சு மருத்துவர் கண்ட விதி உதவுகிறது. நுண்குழாய் ஒன்றில் பாயும் நீர்மத்தின் அளவு, குழாய் ஆரத்தின் நான்காம் மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆரம் பாதியானால் பாய்வு பாதியாவதில்லை. 2 × 2 × 2 × 2, அதாவது பதினாறில் ஒரு பங்காகிறது. மாற்றிச் சொன்னால், அகன்ற குழாய் ஒன்று, பாதி ஆரமுள்ள பதினாறு குழாய்களின் வேலையைச் செய்கிறது. ஆகவே அகன்ற குழாய்களில் சில அடைபட்டாலே மரத்தின் நீர்வரத்தில் பெரும்பகுதி நின்றுவிடுகிறது.

நோய் தொற்றிய இரண்டொரு வாரங்களில் இலைகள் தொங்குகின்றன. சில வாரங்களில் மரமே பட்டுப்போகக்கூடும். வேரழுகல் கண்ட மரம் ஆண்டுக்கணக்கில் தேயும். இதுவோ கண்ணெதிரே கருகும்.

காக்கும் வழிகள்

வேரழுகலை எதிர்ப்பதில் முதற்படி வடிகால். நீர் தேங்காத நிலத்தைத் தேர்ந்து, கன்றுகளை மேட்டில் நடுகின்றனர். நோயற்ற நாற்றங்காலிலிருந்து மட்டுமே கன்று வாங்குகின்றனர். மண்வெட்டியிலும் காலணியிலும் ஒட்டிய மண் ஒரு தோப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகாமல் பார்த்துக்கொள்கின்றனர். மரத்தடியில் இலைதழைகளைக் கனமாக மூடாக்கு இடுகின்றனர். இதில் ஒரு நுட்பம் உண்டு. பைட்டாப்தோராவின் செல்சுவரில் செல்லுலோஸ் உள்ளது. மூடாக்கை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களோ செல்லுலோசைக் கரைப்பதில் தேர்ந்தவை. அவை மூடாக்கோடு பகைவனின் சுவரையும் அரிக்கின்றன. கலிபோர்னியாவின் டியூக் 7, தென்னாப்பிரிக்காவின் டூசா ஆகியவை நோயை ஓரளவு தாங்கும் வேர்ச்செடிகள். இவற்றின்மேல் நல்ல இரகங்களை ஒட்டுக்கட்டுகின்றனர்.

மருந்தும் உண்டு. பாஸ்போனேட் கரைசலை அடிமரத்தில் ஊசி மூலம் ஏற்றும் முறை ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் 1980-களில் வளர்ந்தது. நோய் வேரில், ஊசியோ மரத்தில். இது எப்படிப் பலிக்கும்? பாஸ்போனேட் புளோயத்தின் வழியே சர்க்கரையோடு சேர்ந்து வேருக்கு இறங்கக்கூடியது. ஆகவே தளிர்கள் முற்றி, வேர்கள் வளரத் தொடங்கும் பருவம் பார்த்து ஊசி போடுகின்றனர்.

லாரல் வாடலுக்கு இந்த வழிகள் பயன்படா. அதற்குப் பயன்படுத்தும் புரோபிகோனசோல் என்னும் மருந்து சைலத்தின் வழியே மேல்நோக்கி மட்டுமே செல்கிறது. எனவே அதனை மரத்தின் அடியில், வேர் விரியும் இடத்திலேயே செலுத்த வேண்டும். அதுவும் நோய் வருமுன் செலுத்தினால்தான் காக்கும். குழாய் அடைபட்ட பின் மருந்து எந்த வழியில் ஏறும்? செலவும் மிகுதி, காலம் தவறாமல் திரும்பத் திரும்பச் செய்யவும் வேண்டும்.

ஆதலால் புளோரிடாவில் முதன்மையான ஆயுதம் மருந்தன்று, கோடரி. நோய் கண்ட மரத்தை உடனே வெட்டி, அடிக்கட்டையையும் வேரையும் பெயர்த்து, கட்டைகளைத் தூளாக்கியோ எரித்தோ விடுகின்றனர். காலந்தாழ்த்தினால் இரண்டு ஆபத்துகள் உண்டு. பட்ட மரத்தில் வண்டுகள் பெருகும். தோப்புகளில் நோயைச் சுமப்பவை பெரும்பாலும் சவன்னாவில் கண்ட வண்டு அல்ல, அதனிடமிருந்து பூசணத்தைப் பெற்றுக்கொண்ட வேறு துளைக்கும் வண்டுகளே. இரண்டாவதாக, நெருங்கி நிற்கும் மரங்களின் வேர்கள் மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. அந்த இணைப்பு வழியே பூசணம் வரிசையாக மரத்துக்கு மரம் நடந்து செல்கிறது. இதனால் அடுத்து நிற்கும் பச்சை மரத்தையும் சில நேரம் வெட்ட வேண்டியுள்ளது. காய்த்துக் குலுங்கும் மரத்தைத் தன் கையாலேயே வெட்டுவது எந்தத் தோப்புக்காரருக்கும் எளிதன்று. ஆயினும் ஒரு மரத்துக்கு இரங்கியவர் ஒரு வரிசையையே இழக்கக்கூடும்.

நோய் கண்ணுக்குத் தெரியுமுன் அறிய முடிந்தால்? புளோரிடா பன்னாட்டுப் பல்கலைக்கழகத்தில் நாய்களுக்கு இதற்கெனப் பயிற்சி அளித்தனர். இலை வாடுமுன்னரே நோயுற்ற மரத்தை மோப்பத்தால் கண்டு, அதனருகே உட்கார்ந்து அவை அறிவிக்கின்றன. மற்றொரு தடுப்பு மிக எளியது: நோய்ப்பகுதியிலிருந்து விறகை வெளியே கொண்டு போகாமலிருப்பது. வண்டு தானாகப் பறக்கும் தொலைவு சிறிது; விறகு வண்டியில் ஏறினால் அது நூற்றுக்கணக்கான மைல் பயணம் செய்துவிடும்.

எப்படி வேறுபடுத்துவது?

வாடும் மரத்தின் முன் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலில் இலை. வெளிறி, சிறுத்து, உதிர்ந்து, மரம் மெல்ல மெல்ல மொட்டையாகி வந்தால் வேரழுகல் என ஐயுறலாம். திடீரென வாடிப் பழுப்பாகி, உதிராமல் கிளையிலேயே தொங்கினால் நோய் குழாயில் இருக்கலாம்.

அடுத்து மண். மேல்மண்ணைச் சிறிது கிளறுங்கள். மரம் வாடியும் மண் ஈரமாக இருந்து, சல்லி வேர்கள் கறுத்து ஒடிந்தால் குற்றவாளி வேரில். வேர் வெண்மையாக நலமாயிருந்தால் மேலே தேட வேண்டும்.

மூன்றாவது அடிமரம். பட்டையைச் சிறிது சீவினால் உள்மரம் வெளிறிய நிறத்தில் தூய்மையாக இருக்க வேண்டும். அங்கே கறுத்த கோடுகள் ஓடினால் லாரல் வாடல் என ஐயுறலாம். பட்டையில் பல்குச்சிபோல் மரத்தூள் இழைகள் நீட்டிக்கொண்டிருந்தால் வண்டு குடைந்திருக்கிறது என்று பொருள். முடிவான தீர்ப்பை ஆய்வுக்கூடமே தர வேண்டும்.

இங்கே அவசரப்படலாகாது என்பதற்கு மூன்றாவது நோய் ஒன்று காரணம். வெர்ட்டிசிலியம் என்னும் மண்வாழ் பூசணமும் குழாய்களைத் தாக்கும். இலைகள் பழுத்து அப்படியே தொங்கும். உள்மரத்தில் பழுப்புக் கோடுகளும் ஓடும். பெரும்பாலும் ஒரு கிளை அல்லது ஒரு பக்கம் மட்டுமே வாடும். ஆனால் இந்த மரம் பல வேளைகளில் சில மாதங்களில் மீண்டும் தளிர்த்துப் பிழைத்துக்கொள்கிறது. பட்ட கிளையைக் கழித்துவிட்டுக் காத்திருப்பதே இதற்கு வைத்தியம். தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு பயிரிட்ட நிலத்தில் இந்தப் பூசணம் தங்கியிருக்கக்கூடும். அத்தகைய நிலத்தில் வெண்ணெய்ப்பழம் நடாமலிருப்பது நல்லது.

ஆக, ஒரே வாட்டத்துக்கு மூன்று வைத்தியங்கள். வேரழுகலில் நீரைக் குறைக்க வேண்டும். லாரல் வாடலில் மரத்தை உடனே வெட்ட வேண்டும். வெர்ட்டிசிலியத்தில் பொறுத்திருக்க வேண்டும். ஒன்றுக்கு உரியதை மற்றொன்றுக்குச் செய்தால், பிழைக்க வேண்டிய மரம் கோடரிக்கு இரையாகும். அல்லது வெட்ட வேண்டிய மரம் நின்று தோப்பையே அழிக்கும்.

தமிழ்நாட்டில் கீழ்ப்பழனி மலைகளில் காப்பித் தோட்டங்களின் ஊடே வெண்ணெய்ப்பழ மரங்கள் வளர்கின்றன. அங்குள்ள தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் டிகேடி 1 என்னும் இரகத்தை வெளியிட்டுள்ளது. மழை மிகுந்த மலைச்சரிவில் புதிதாகக் கன்று நடுவோருக்கு, வடிகால், மேட்டு நடவு, நோயற்ற கன்று என்னும் மூன்றும் செலவில்லாத காப்பீடு போன்றவை. அடுத்த முறை நீங்கள் வாடிய மரம் ஒன்றைக் கண்டால், நீர்க்குடத்தைத் தூக்குமுன் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பாருங்கள். மண் உலர்ந்திருந்தால் தாராளமாக நீர் ஊற்றுங்கள். ஈரமாயிருந்தால், நீர் போதவில்லை என்பதன்று குறை. நீர் ஏறும் வழியில் ஏதோ நேர்ந்திருக்கிறது. அது எங்கே என்று தேடுங்கள்.